இரண்டாம் பக்கத்து மாமா

ஒரு கல்யாணத்தை நடத்திவைப்பது பஞ்சாங்கம் என்றும், மேளம் என்றும், விவரம் போதாத சிலரால் மணமக்களின் விருப்பம் என்றும்கூட நெடுங்காலமாக நம்பப்பட்டு வருகிறது. இந்தப் பிழையைத் திருத்தாமல் மேற்கொண்டு ஒரு வரி எழுதுவதும் முறையாகாது. கல்யாணத்தை நடத்திவைப்பது கோபித்துக்கொள்கிற ஒரு தாய்மாமன். அவர் முதலில் கோபித்துக்கொள்ள வேண்டும்; நாலு பேர் போய்க் கெஞ்ச வேண்டும்; மூன்று முறை மறுத்து, நாலாம் முறை துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து வர வேண்டும். அதன் பிறகு கட்டப்படுவதுதான் தாலி. முன்பே கட்டப்பட்டால் அது வெறும் மஞ்சள் கயிறு. யாருமே கோபித்துக்கொள்ளாமல் சுமுகமாக நடந்த கல்யாணங்களும் உண்டே என்று சிலர் வாதிடலாம். தீர விசாரித்தால், கோபித்துக்கொண்டவரை யாரும் கவனிக்காததால் அவர் பஸ் ஏறிப் போயிருப்பார் என்பது தெரியவரும்.

ஆவுடையம்மாளுக்கு இதெல்லாம் தெரியும். தெரியாமல் அந்தத் தொழிலுக்கு வர முடியாது. சங்கரன்கோவிலில் ஒரு மாவு மில்லுக்கு மேலே இருந்த ஒற்றை அறையில், ஒரு மடிக்கணினியும், ஒன்று போனால் ஒன்று இருக்கட்டும் என்று இரண்டு இன்டர்நெட் இணைப்பும், மில் ஓடும்போது மேசை அதிராதிருக்க அதன் நாலு காலுக்கடியிலும் வெட்டிவைத்த ரப்பர் செருப்புத் துண்டுகளுமாக, அவள் தனியாளாய் ஸ்கிரீனில் விழா நடத்திக்கொடுத்து வந்தாள். பெரிய கம்பெனிகள் அவளைக் கூப்பிட்டதில்லை. வளையல் இங்கேயும் கை சியாட்டிலிலும் இருக்கிற வளைகாப்பு, பாதிப் பேர் மகன் வீட்டோடு போய்விட்ட ஓய்வுபெற்ற தபால்காரர் சங்கத்தின் ஆண்டுக் கூட்டம், அறுபதாம் கல்யாணம், புத்தக வெளியீடு என்று சின்ன இடங்கள்தான் அவளுக்கு வாய்த்தன. விழாவுக்கு முதல் நாள் வீடு வீடாகப் போன் போட்டு, "பெரியப்பா, உங்க நெத்தியும் ஃபேனும் மட்டுந்தான் தெரியுது, போனைக் கொஞ்சம் தாழ்த்துங்க" என்று ஒத்திகை பார்ப்பாள். ஒவ்வொரு வீட்டுக்கும் முன்கூட்டியே கூரியரில் தாம்பூலப் பை அனுப்புவாள். அவள் சொல்லும்வரை அதைப் பிரிக்கக் கூடாது. லட்டை முந்தின நாளே தின்றுவிட்டவர்கள் மற்றவர்களோடு சேர்ந்து வெறும் வாயை மென்று காட்ட வேண்டும்.

ஆனால் அவள் பேர் வாங்கியது இருத்திவைப்பதில். மற்றவர்கள் நடத்துகிற விழாக்களில் யார் முந்தி லிங்க்கை அழுத்தினாரோ அவர் முதல் கட்டத்தில் உட்கார்ந்துகொள்வார். பெண்ணின் பெரியப்பாவுக்கு மேலே மாப்பிள்ளையின் ரூம்மேட் இருப்பான். ஆவுடை அப்படி விடமாட்டாள். ஒரு பக்கத்துக்கு இருபத்தைந்து கட்டம், முதல் வரிசையில் யார், யாருக்குப் பக்கத்தில் யார் இருக்கக் கூடாது என்று காகிதத்தில் வரைந்து சுவரில் ஒட்டி, ஒவ்வொரு கட்டத்துக்கும் கீழே 'மாப்பிள்ளையின் சித்தப்பா', 'பெண்ணின் மூத்த மைனி' என்று உறவுமுறையை அவளே எழுதிவைப்பாள்.

வைகாசி மாதம் இருபத்தோராம் தேதி முத்துவடிவுக்கும் ஐகோர்ட்துரைக்கும் நிச்சயதார்த்தம். மாப்பிள்ளை மஸ்கட்டில் இருந்தான். சொந்தம் எல்லாத் திசையிலும் இருந்தது. பெண்ணின் அம்மா பூரணம். பெண்ணின் அப்பாவும் இருந்தார், ஆனால் கேட்டால்தான் தெரியும். பூரணத்துக்கு ஒரே அண்ணன், புளியங்குடியில் இருக்கும் உச்சிமாகாளி, ஓய்வுபெற்ற சர்வேயர். நாற்பது வருஷம் ஊரார் நிலத்தில் எல்லைக்கல் ஊன்றியவர். எந்தப் பொருளும் எந்த மனிதரும் தனக்கென்று அளந்த இடத்தில்தான் இருக்க வேண்டும் என்ற கொள்கையுடையவர்.

அவர்கள் வழக்கப்படி பெண்வீட்டுத் தட்டு தாய்மாமன் கை வழியாகத்தான் மாப்பிள்ளை வீட்டுக்குப் போகும். ஸ்கிரீனில் இதை நடத்த ஆவுடை ஒரு வழி கண்டிருந்தாள். ஒரே கடையில் ஒரே அளவில் மூன்று பித்தளைத் தட்டுகள் வாங்கி, மூன்றிலும் ஒரே மாதிரித் தேங்காய் பழம் வெற்றிலை வைத்து மூன்று வீட்டுக்கும் கொடுத்துவிட வேண்டியது. பூரணம் தன் தட்டைக் கட்டத்தின் வலது ஓரமாக நீட்டி மறைத்ததும், பக்கத்துக் கட்டத்தில் உச்சிமாகாளி மடியிலிருக்கும் தட்டை இடது ஓரத்திலிருந்து வாங்குவதுபோல் எடுக்க வேண்டும்; அவர் வலது ஓரத்தில் மறைத்ததும் மாப்பிள்ளையின் அப்பா எடுக்க வேண்டும். ஒத்திகையில் பார்த்தவர்கள் ஒரே தட்டுதான் போகிறது என்று சத்தியம் செய்தார்கள்.

நல்ல நேரம் பத்தரை வரை. பத்து இருபத்து நாலுக்குப் புளியங்குடியில் கரண்ட் போயிற்று. உச்சிமாகாளி மறைந்து, இரண்டு நிமிஷத்தில் லீவுக்கு வந்திருந்த பேத்தியின் போன் வழியாகத் திரும்பி வந்தார். கடைசியாக வந்தவர் என்பதால் முப்பத்தாறாம் கட்டத்தில், அதாவது இரண்டாம் பக்கத்தில், பேத்தி டியூஷன் வகுப்புக்காகப் போனில் வைத்திருந்த பெயரோடு போய் உட்கார்ந்தார். ஆவுடை பார்த்தாள். இடம் மாற்ற ஒரு நிமிஷம் பிடிக்கும். இருப்பதோ நாலு நிமிஷம். யார் கவனிக்கப் போகிறார்கள் என்று நினைத்தாள். அந்த அவசரத்தில் வரவேற்புப் பட்டியலையும் திரையில் இருந்தபடியே வாசித்துவிட்டாள்: "அடுத்ததாக, ஹரிணி டியூஷன் அவர்களை வருக வருக என வரவேற்கிறோம்."

யாரோ ஒருவருடைய மைக் திறந்திருந்தது. அதில் யாரோ சிரித்தார்கள். முதல் பக்கத்தில் பூரணத்தின் தட்டு நேராக மாப்பிள்ளையின் அப்பாவிடம் போய்ச் சேர்ந்தது. இரண்டாம் பக்கத்தில் ஒரு மனிதர் மடியில் தட்டை வைத்துக்கொண்டு, இடது கையை நீட்டியபடி, தன் முறை வரும் என்று காத்திருந்தார். பிறகு கையை மடக்கினார். பிறகு நாற்காலியைச் சுவர்ப்பக்கம் திருப்பிப் போட்டு, தட்டோடு உட்கார்ந்தார்.

ஆவுடை விழாவை முடித்தாள். எல்லாக் கட்டங்களும் அணைந்தன. முப்பத்தாறாம் கட்டம் அணையவில்லை. அதில் ஒரு நாற்காலி, ஒரு பின்னந்தலை, தோளில் ஒரு வெள்ளைத் துண்டு. கணினியை அணைத்துப் போட்டாள், இருந்தார். மோடத்தின் வயரைப் பிடுங்கினாள், இருந்தார். மூடி வைத்துவிட்டுச் சாப்பிடப் போனாள். அதே நேரம் புளியங்குடியில் உச்சிமாகாளி முன்கட்டில் உட்கார்ந்து இரண்டாவது தோசை தின்றுகொண்டிருந்தார். இவை இரண்டும் ஒரே சமயத்தில் நடந்தன என்பதில் அன்று முதல் இன்றுவரை யாருக்கும் கருத்து வேறுபாடு இல்லை.

பூரணம் போன் போட்டாள். "ஏளா ஆவுடை, அண்ணன் எதுக்குத் திரும்பி உக்காந்திருக்காவ? தட்டு ஏன் அவுக கை வழியாப் போகல?"

"லைன் பிரச்சினைக்கா," என்றாள் ஆவுடை. "இன்னைக்கு எல்லாருக்குமே லைன் சரியில்ல."

"அப்ப நிச்சயம் நிச்சயமில்ல. அண்ணன் திரும்பட்டும், பொறவு தேதி பாப்போம்."

அடுத்த ஞாயிறு தபால்காரர் சங்கத்தின் ஆண்டுக் கூட்டம். வரவு செலவு அறிக்கையை வாசிக்கச் செயலாளர் தொண்டையைச் செருமியபோது நாலாவது கட்டத்தில் அந்தப் பின்னந்தலை இருந்தது.

"யாருவே அது, முதுகக் காட்டிட்டு?"

"நம்ம ஆளுதானா? எந்த பிராஞ்சு?"

"முதுகுல பின்கோடா எழுதியிருக்கும்? கோவமா இருக்காரு, அது தெரியுதுல்லா."

அது எல்லோருக்கும் தெரிந்தது. முப்பது வருஷம் வாசல் வாசலாக நின்றவர்கள், கதவு திறப்பவரின் தோளைப் பார்த்தே உள்ளே என்ன நடக்கிறது என்று சொல்லிவிடுவார்கள். அறிக்கையை ஒத்திவைத்தார்கள். "அண்ணாச்சி, போன வருசம் சால்வை விட்டுப்போச்சா?" என்று ஒருவர் தொடங்கினார், "சின்னவங்க தப்ப நீங்கதான் பொறுக்கணும்" என்று இன்னொருவர் தொடர்ந்தார், பத்து வருஷமாகத் தங்களுக்குள் பேசிக்கொள்ளாத இரண்டு பேர் யார் நன்றாகக் கெஞ்சுவது என்ற போட்டியில் ஒருவரையொருவர் பாராட்டிக்கொண்டார்கள். இரண்டு மணி நேரம் கெஞ்சியதில் இடது காது ஒரு முறை அசைந்தது. சங்கத்தின் வரலாற்றிலேயே இதுதான் சிறந்த கூட்டம் என்று ஏகமனதாகத் தீர்மானம் போட்டுக் கலைந்தார்கள்.

அதன் பிறகு ஆவுடை நடத்திய எல்லா விழாவுக்கும் அந்த முதுகு வந்தது. வந்த இடமெல்லாம் கெஞ்சப்பட்டது. கடையநல்லூர்க் குடும்பம் ஒன்றின் பெருநாள் ஒன்றுகூடலில் "மாமு, ஒரு வாய் பிரியாணி" என்று சட்டியையே ஸ்கிரீனில் காட்டினார்கள். நியூஜெர்சி வளைகாப்பில், பிறந்ததிலிருந்து 'ஸாரி' என்ற ஒற்றைச் சொல்லோடு வளர்ந்த பிள்ளைகள், ஒரு மனிதரிடம் முக்கால் மணி நேரம் மன்னிப்புக் கேட்கலாம் என்பதையும், கேட்டும் அது கிடைக்காமல் போகலாம் என்பதையும் முதன்முதலாகக் கண்டார்கள். இடது காது ஒரு முறை அசைந்தால் காரியம் ஆகும், இரண்டு முறை அசைந்தால் ஆண் குழந்தை என்று பலன் சொல்லத் தெரிந்தவர்கள் தோன்றினார்கள். தென்காசிப் பக்கத்துப் பேராசிரியர் ஒருவர் அந்தப் பின்னந்தலையைப் பற்றி முப்பத்திரண்டு பக்கக் கட்டுரை எழுதி, முன்பக்கம் குறித்துத் தரவுகள் இல்லை என்று முடித்தார். அசல் உச்சிமாகாளி மாதம் ஒரு முறை முடிவெட்டிக்கொண்டார்; கட்டத்திலிருந்தவருக்கோ முடி வளர்ந்துகொண்டே போயிற்று, அதையும் ஒரு குறையாக எடுத்துக்கொண்டு கெஞ்சினார்கள்.

ஆடி பிறப்பதற்குள் ஆவுடைக்கு வரும் போன்களில் முதல் கேள்வி மாறிவிட்டது. எத்தனை பேர் சேரலாம், ரெக்கார்டிங் தருவீர்களா என்று கேட்டவர்கள் போய், "மாமா உண்டுல்லா?" என்று கேட்பவர்கள் வந்தார்கள். "கோவமா இருக்கிற மாமாதான? சமாதானம் ஆயிட்டாவன்னா வேண்டாம், நாங்க வேற ஆளப் பாத்துக்கிடுதோம்." கார்த்திகை வரை அவளுக்கு ஒரு ஞாயிறும் காலியில்லை.

ஆடி பதினெட்டு அன்று முத்துவடிவு மாவு மில் படியேறி வந்தாள். துப்பட்டாவில் மிளகாய்ப்பொடி நெடி அடித்தது.

"அக்கா, அவுகளுக்கு ஆவணியில இருவது நாள் லீவு. அத விட்டா ரெண்டு வருசத்துக்குக் கம்பெனியில விடமாட்டாங்க. அவுக வீட்டுல பொறுக்க மாட்டாங்க, வேற எடம் பாத்துருவாங்க. எங்க மாமாவத் திருப்பி விடுங்க."

"நானும் முயற்சி பண்ணிட்டுத்தான இருக்கேன். வாராவாரம் எத்தன பேரு கெஞ்சுதாங்க, நீயே பாக்கியேல்லா?"

"நீங்க கெஞ்சினியளா?"

ஆவுடை சுவரில் ஒட்டியிருந்த அந்த வார விழாவின் வரைபடத்தைப் பார்த்தாள். முதல் வரிசையில் நடுக்கட்டம் முதுகுக்கு ஒதுக்கப்பட்டிருந்தது.

"நேர்ல போனியளா?" என்றாள் வடிவு. "நாங்களும் போகல. அம்மா 'கட்டத்துல கோவத்த வச்சுக்கிட்டு வாசல்ல போய் என்ன பேச'ங்கா. ஆயிரம் பேரு கெஞ்சியாச்சு, எங்க மாமா வீட்டுப் படிய ஒருத்தரும் மிதிக்கல."

மறுநாள் பூரணம், வடிவு, ஆவுடை மூன்று பேரும் வெற்றிலை, பூ, பழத்தோடு புளியங்குடிக்குப் பஸ் ஏறினார்கள். உச்சிமாகாளி வாசலில் உட்கார்ந்து முறத்தில் அவரைக்காய் ஆய்ந்துகொண்டிருந்தார். அவர் அவரைக்காய் ஆய்ந்ததை அந்தத் தெரு அதற்கு முன் கண்டதில்லை.

"வாளா பூரணம். ஏ செல்லத்தாயி, காபி போடுதியா, இல்ல நானே போடட்டா?"

பூரணத்துக்கு அழுகை வந்துவிட்டது. "அண்ணே, எம் மேல கோவமா?"

"கோவமா? எனக்கா? அன்னைக்குப் பொசுக்குனு வந்துச்சு. நாற்காலியத் திருப்பினேன், அப்படியே அது அங்ஙனயே தங்கிட்டு. எந்திரிச்சு வந்து தோச தின்னேன். எனக்குள்ள இப்ப ஒண்ணுமில்ல. தட்டு எடுத்துக் குடுக்கணுமா? எங்க, கொண்டா, இப்பவே குடுக்கேன்."

"அது எப்படிண்ணே?" என்று பூரணம் கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள். "கோவப்படாத கை எப்படி எங்க அண்ணன் கை ஆவும்? மாப்பிள்ள வீட்டுக்காரங்க கேக்கமாட்டாங்களா? கட்டத்துல ஒரு ஆளு கோவமா உக்காந்திருக்கும்போது, வேற யாரோ சிரிச்சிட்டு வந்து தட்டு குடுத்தா அது செல்லுமா?"

இந்த வாதத்தில் ஓட்டை எதுவும் இல்லை என்பதை உச்சிமாகாளியே ஒப்புக்கொண்டார். எல்லை விஷயத்தில் இரண்டு பேர் பாத்தியம் கொண்டாடினால், முந்தி உட்கார்ந்திருப்பவனுக்கே பலம் அதிகம்.

கொண்டையில் கனகாம்பரத்தோடு செல்லத்தாய் காபி கொண்டுவந்தாள். உச்சிமாகாளிக்கு வாக்கப்பட்டு முப்பத்தெட்டு வருஷம் ஆயிற்று. இந்தத் தோசை, இந்தச் சூட்டில், இந்தத் தட்டில் என்று முப்பத்தெட்டு வருஷம் அடுப்படியில் நின்றவள், இந்த இரண்டு மாதமாக முதல் தோசையைத் தானே தின்றுவந்தாள். குற்றாலத்துக்கு இரண்டு முறை போய்வந்தாள். போன வாரம் வாய்விட்டுப் பாடியதாகப் பக்கத்து வீட்டில் சாட்சி இருந்தது.

"அது அங்ஙனயே இருக்கட்டுமே," என்றாள். "எதுக்குத் திருப்பணும்? அதான் இத்தன பேரு அத நல்லாப் பாத்துக்கிடுதாங்கள்லா?"

எல்லோரும் சிரித்தார்கள். மைனிக்கு எப்போதுமே வேடிக்கைதான் என்று பூரணம் சொன்னாள். உச்சிமாகாளியும் சிரித்தார். செல்லத்தாய் ஒவ்வொரு முகமாகப் பார்த்துவிட்டு, கடைசியில் தானும் சிரித்துவைத்தாள்.

பஸ்ஸில் திரும்பும்போது வடிவு ஜன்னலோரம் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஆவுடை அவளிடம் பேச்சுக்கொடுக்கப் பார்த்தாள். கிடைத்தது பின்னந்தலை மட்டும். பின்னந்தலைகளைப் பற்றி அதற்குள் அந்த ஜில்லாவில் யாரையும்விட அதிகம் தெரிந்தவள் ஆவுடைதான். காதுகூட அசையவில்லை. சேர்ந்தமரத்துக்குப் பாதை பிரியும் விலக்கைத் தாண்டியபோது ஆவுடை சொன்னாள்:

"ஆயிரம் பேரும் பொதுவாத்தான் மன்னிப்புக் கேட்டாங்க வடிவு. எதுக்குன்னு தெரிஞ்ச ஆளு கேக்கல. தெரிஞ்ச ஆளு நான் ஒருத்திதான்."

ஆடிதான் என்றாலும் வைகாசியிலேயே நீட்டிய தட்டுதானே என்று, அந்த வெள்ளிக்கிழமை காலை மற்ற முப்பத்தைந்து வீட்டுக்கும் லிங்க் போயிற்று. ஆனால் யாரையும் ஆவுடை உள்ளே விடவில்லை. அத்தனை பேரும் வெளியே காத்திருக்க, முதல் பக்கத்தின் முதல் வரிசையில், பூரணத்துக்கென்று விட்ட கட்டத்துக்கு வலப்பக்கம், அந்த முதுகை மட்டும் இருத்தினாள். கீழே பெயரெழுதினாள்: 'பெண்ணின் தாய்மாமன், தலைமை சர்வேயர் (ஓய்வு), திரு. உச்சிமாகாளி அவர்கள்'. உரக்க வாசித்தாள். இடது காது அசைந்தது. அதன் பிறகே மற்றவர்களை, மூத்தவர்கள் முதலாக, ஒவ்வொருவராக உள்ளே எடுத்தாள். எல்லோரும் வந்ததும் தன் மைக்கைத் திறந்தாள்.

"லைன் பிரச்சினை இல்ல. அன்னைக்கு மாமா ரெண்டாம் பக்கத்துக்குப் போனத நான் பாத்தேன். பாத்துட்டுத்தான் விட்டேன். யாரு கவனிக்கப் போறான்னு விட்டேன். அதுக்குப் பொறவு இந்தக் கோவத்த வச்சு ரெண்டு மாசம் பொழச்சேன். மாமா, தப்பு என்னுது."

நாற்காலி கிறீச்சிட்டது. திரும்பியவருக்கு மார்பைத் தொடும் தாடி இருந்தது. மடியில் அதே பித்தளைத் தட்டு. வெற்றிலை சருகாகியிருந்தது, பழம் இருந்த இடத்தில் ஒரு கறை இருந்தது, தேங்காய் முளைத்து இரண்டு இலை விட்டிருந்தது.

"இத மொதல்லயே சொல்லியிருந்தா ரெண்டு நிமிசத்துல திரும்பியிருப்பேன்," என்றார். பிறகு தங்கையைப் பார்த்தார். "என்ன பாத்துக்கிட்டு இருக்க? தட்ட நீட்டு."

பூரணம் வலது ஓரமாக நீட்டினாள். அவர் இடது ஓரத்திலிருந்து, தென்னங்கன்று சாயாமல், எடுத்து வலது ஓரமாகக் கொடுத்தார். மாப்பிள்ளையின் அப்பா வாங்கிக்கொண்டார். மாமாவின் கட்டம் தானாக அணைந்தது. அந்த நொடியில், புளியங்குடி முன்கட்டில் முறத்தோடு உட்கார்ந்திருந்த உச்சிமாகாளி, அவரைக்காய் ஆய்வதற்கெல்லாமா இந்த வீட்டில் ஆளில்லை என்று கேட்டு, முறத்தை நகர்த்தி வைத்தார்.

ஆவணியில் கல்யாணம் நடந்தது. மண்டபத்தில் உச்சிமாகாளி முறைப்படி கோபித்துக்கொண்டு, முறைப்படி கெஞ்சப்பட்டு, நாலாம் முறை எழுந்து வந்தார். ஐகோர்ட்துரை இருபதாம் நாள் மஸ்கட் போனான். விசா வந்ததும் வடிவும் போவதாக ஏற்பாடு. ஆவுடைக்குக் கார்த்திகை வரை சொல்லிவைத்திருந்தவர்களில் பாதிக்கு மேல், மாமா இல்லையென்று ஆனதும், வேறு ஆளைப் பார்த்துக்கொண்டார்கள்.

புரட்டாசி முதல் ஞாயிற்றுக்கிழமை ஒரு வாசகர் வட்டத்தின் கூட்டத்தை அவள் தொடங்கியபோது, பட்டியலில் ஓர் ஆள் அதிகமாக இருந்தது. முதல் பக்கத்தில் தேடினாள், இரண்டாம் பக்கத்தில் தேடினாள். மூன்றாம் பக்கத்தின் கடைசிக் கட்டத்தில் இருந்தது. சுவரைப் பார்த்துத் திருப்பிப் போட்ட ஒரு நாற்காலி, ஒரு கொண்டை, அதில் ஒரு முழம் கனகாம்பரம். யார் என்று ஒருவர் கேட்டார். யாரோ ஒரு அத்தை என்று இன்னொருவர் சொன்னார். அத்தைகளைச் சமாதானப்படுத்துவதற்கு முறை எதுவும் யாருக்கும் தெரிந்திராததால், கூட்டம் குறித்த நேரத்தில் தொடங்கி, ஐந்து நிமிஷம் முன்னதாகவே முடிந்தது.